ஆயாவின் படத்துக்குக் கீழே ‘தோற்றம்’ என்று எந்த ஆண்டைப் போடுவது?

பட்டணத்துப் பேரன் (ஞாயிறு, இரவு 9.10)

எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவள், காலமாகி இருபது நாளாகிறது. சொந்த ஊர் காவேரிப்பட்டணம், தென்பெண்ணைக் கரை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிருஷ்ணகிரியில் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு, “மறைவு சொன்னீர்கள், தோற்றம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன், அத்தையைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அப்பா இருந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆதாரில் 1-1-1936 என்று இருக்கிறது. ஜனவரி முதல் தேதியில் பிறந்த கிழவிகள் எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர்.

‘தோற்றம்’ இல்லாமல் வெறும் ‘மறைவு’ மட்டும் போட்டால், அந்த அம்மாள் சாவதற்கென்றே வந்தவள் போல் இருக்கும். ஆண்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இங்கே மாவட்டத்துப் பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 10.02)

ஆதாரைத் தள்ளி வையுங்கள். வயதை மட்டும் வாயால் சொன்னவர்களுக்கு அது ஜனவரி முதல் தேதியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். வாக்காளர் அட்டையும் அப்படித்தான், எழுத வந்தவர் ஆளைப் பார்த்துப் போட்ட வயது.

அந்தக் காலத்தில் பிறப்பு இறப்புக் கணக்கு ஊர் அதிகாரிகளான மணியம், கர்ணம் ஆகியோரிடம் இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது அவர்கள் வீட்டுப் பரண்களில் கிடந்த காகிதங்கள் எத்தனை தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்தன என்று என்னைக் கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல். தேடிக் கிடைத்தாலும் ‘இன்னாருக்குப் பெண்’ என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது.

ஊர்க் கணக்குக்கு வாருங்கள். நம் கிழவிகள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். அணை கட்டியபோது, பஞ்சத்தின்போது, இன்னாருக்கு ஓட்டுப் போட்டபோது என்பார்கள். ஆயா வாயால் சொன்னது எதுவானாலும் எழுதுங்கள். கணக்குப் போடுவது என் பொறுப்பு.

கிளிமூக்கு (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, என் பாட்டி வயதை மாமரத்தை வைத்துச் சொல்லுவாள். “கிணற்றுமேட்டு பெங்களூரா மரத்துக்கு நான் அக்கா.” மரத்தை வெட்டியபோது வளையத்தை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், விறகுக்காரன் அவசரப்பட்டுவிட்டான். ஆயாவுக்கு என் அஞ்சலி.

பட்டணத்துப் பேரன் (திங்கள், இரவு 8.40)

நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஆயா பிறந்தது காரிமங்கலம் பக்கத்துக் கிராமம். வாழ்க்கைப்பட்டு வந்தது காவேரிப்பட்டணம். தாத்தாவுக்கு அரை ஏக்கர், அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆயாவின் உண்மையான பிழைப்பு புளி. மாசி பிறந்தால் மண்டிக்காரர் மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போவார். காய்ந்த பழத்தைத் தட்டி ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தனியாக எடுக்க வேண்டும். எடைக்குக் கூலி. ஆயாவின் கட்டை விரல் நகத்துக்குக் கீழே எப்போதும் கறுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் தோல் வெடித்துப் புளி ஏறும். அந்த எரிச்சலோடு சாப்பாடு பிசைவாள். சிறுவர்களுக்குக் கொட்டை இலவசம், சுட்டுத் தின்னலாம், பல்லாங்குழி ஆடலாம். கூலிக்கு வந்த புளியில் ஒரு சுளை வாயில் போட்டால் கையில் அடி விழும். “எடை குறைந்தால் நீ வந்து பதில் சொல்லுவாயா?” தூக்கிப் போட வேண்டிய நாரையும் தூசியையும் மட்டும் ஒரு சட்டியில் சேர்த்து வைப்பாள். அது பொங்கலுக்குப் பித்தளை தேய்க்க.

இப்போது கணக்குப்பிள்ளை ஐயா கேட்டதற்கு வருகிறேன். அடிக்கடி சொன்னது ரயில் கதை. அப்பன் மடியில் உட்கார்ந்து தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்குச் சின்ன ரயிலில் போனாளாம். கரி விழுந்து கண் சிவந்ததாம், அப்பன் வேட்டி நுனியை வாயால் ஊதிக் கண்ணில் ஒற்றினாராம். இதைச் சொல்லாமல் ஒரு மழைக்காலம் போனதில்லை.

கல்யாணம், நயா பைசா வந்த புதிதில். மொய் எழுத உட்கார்ந்தவர் ஒரு அணாவுக்கு ஆறு பைசாவா, ஆறே காலா என்று குழம்பி, கடைசியில் நோட்டையே மூடிவிட்டாராம். அணையில் அப்போதுதான் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள் என்பாள்.

ஓட்டு, அண்ணா ஜெயித்த ஆண்டு முதல்முறை. அதற்கு முந்தைய தேர்தலில் தாத்தாவோடு போய் வரிசையில் நின்றிருக்கிறாள், “உனக்கு வயது போதாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

வேடியப்பன் காடு (திங்கள், இரவு 9.25)

ரயில் ஒன்று போதும், விஷயம் முடிந்தது. மொரப்பூர்–தர்மபுரி குறுகிய பாதை 1906-இல் வந்தது. 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். 1941-இல் மூடிவிட்டார்கள், இரண்டாம் உலகப் போர் சமயம், தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். மடியில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கரி விழுந்தது நினைவிருக்க வேண்டுமானால் நான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும். எனவே பிறப்பு 1937-க்கு முன். ஆதார் சரிதான். 1936 என்றே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10.30)

வேடியப்பன் காடு அவசரப்படுகிறார். நயா பைசா 1957 ஏப்ரல் முதல் தேதி. கிருஷ்ணகிரி அணையும் 1957, காமராசர் முதலமைச்சர். இரண்டும் கைகோத்து நிற்கின்றன, ஆக, கல்யாணம் 1957 அல்லது 1958 தொடக்கம். 1936-இல் பிறந்தவர் என்றால் மணப்பெண்ணுக்கு 21 வயது. அந்தக் காலத்தில், நம் பக்கத்தில், 21 வயது வரை பெண்ணை வீட்டில் வைத்திருந்தார்களா? சட்டம் சொன்ன வயதே 1949-லிருந்து 15தான்.

தேர்தலைப் பாருங்கள். அண்ணா ஜெயித்தது 1967. முந்தையது 1962 பிப்ரவரி. அப்போது ஓட்டு வயது 21; பதினெட்டாகக் குறைத்தது 1989-இல். 1936-இல் பிறந்த பெண்ணுக்கு 1962-இல் 25 ஆகியிருக்கும், திருப்பி அனுப்ப மாட்டார்கள். என் கணக்கில் 1941 அல்லது 42. அப்படியானால் ரயிலில் போயிருக்க முடியாது. இரண்டில் ஒன்று பொய். தம்பி, தலைப்பிள்ளை எப்போது பிறந்தது?

அவ்வா வீடு (செவ்வாய், காலை 6.50)

பொய் என்ற சொல்லைச் செத்துப்போன கிழவிமேல் இவ்வளவு சுலபமாகப் போடாதீர்கள் ஐயா.

நாங்கள் ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு, பாட்டியை அவ்வா என்போம். அவ்வா தன் மாமியாரின் பிரசவத்தைக்கூடத் தான் பார்த்தது போலச் சொல்லுவாள். அவள் அந்த வீட்டுக்கு வருவதற்கு இருபது வருடம் முன்னால் நடந்த பிரசவம்! நாங்கள் சிரித்தால், “கேட்டுக் கேட்டு எனக்கும் வலித்துவிட்டது” என்பாள்.

எல்லோரும் ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தம்பி, ஆயா களி எப்படிக் கிண்டுவார்? அதை எழுதுங்கள்.

பட்டணத்துப் பேரன் (செவ்வாய், இரவு 9.05)

அக்கா கேட்டதற்கு முதலில்.

தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கை நொய் போடுவாள். நொய் வெந்து மலர்ந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவாள், கிளற மாட்டாள். மாவின் நடுவே துடுப்புக் காம்பால் ஒரு குழி. அந்தக் குழி வழியாகத் தண்ணீர் பொங்கி மேலே வர வேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது என்று எங்களை மிரட்டுவாள், பேசினால் மாவு கட்டி பிடிக்குமாம். பிறகு பானையை இறக்கி, கவட்டை போன்ற கவைக் கோலை அதில் மாட்டி, கோலை இரண்டு பக்கமும் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவாள். எண்பது வயதுக்கு மேலும் அதை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. கையை நனைத்து உருட்டிப் போட்டால் உருண்டை பளபளவென்று இருக்கும். மார்கழியில் அவரைக்கொட்டைக் குழம்பு, மற்ற நாளில் கொள்ளுச் சாறு, ஒன்றும் இல்லையென்றால் கீரைக் கடைசல். நான் பெங்களூரிலிருந்து போனால் சோறு வடிப்பாள், விருந்தாளியாம். அதில் எனக்குக் கோபம் வரும்.

களியை மென்றால் திட்டுவாள். அவளுக்கு மெல்லவும் முடியாது. பல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை பிடித்து, முன்பல் விளிம்பு உதிர்ந்திருந்தது. சிரித்தால் கை தானாக வாயை மூடும். ஒரு கல்யாணப் படத்தில்கூட அவள் பல் தெரியாது. சட்டத்துக்குக் கொடுத்த படத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டு கோபக்காரி மாதிரி இருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: தலைப்பிள்ளை பெரியப்பா. பள்ளிச் சான்றிதழில் 1956 ஜூன்.

கிளிமூக்கு (செவ்வாய், இரவு 9.20)

அவரைக்கொட்டைக் குழம்பில் ஒரு கருவாட்டுத் தலை சேர்த்தால்தான் அது குழம்பு. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்தால் எந்தக் கடையில் வாங்குவது என்று காட்டுகிறேன்.

குழாயடி (செவ்வாய், இரவு 10.10)

பல் கறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் குடிநீர் வேலையில் இருந்தவன். அது தேய்க்காத குறை அல்ல. பாறை நீரில் இருக்கும் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்பது கணக்கு. தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் பல கிணறுகளில் அதைத் தாண்டியிருக்கும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். பல் ஈறுக்குள் உருவாகிற சிறு வயதில் குடித்த தண்ணீர்தான் பல்லில் கறையாக நிற்கும். வளர்ந்த பிறகு குடித்தால் பல்லைத் தொடாது, எலும்பைப் பிடிக்கும். எனவே உங்கள் ஆயா பல்லில் இருந்தது பட்டணத்துத் தண்ணீர் அல்ல, பிறந்த ஊர்க் கிணறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. அவர்களுக்கு அது எழுபது வருடம் தாமதம்.

இதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது, மன்னிக்கவும். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார் என்று படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை (புதன், காலை 7.30)

கல்யாணம் 1957, பிள்ளை 1956. கணக்கு உதைக்கிறது. யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், இதற்கு விளக்கம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆசிரியர், பையனைத் தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடச் சொல்லுவார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. பள்ளி திறப்பது ஜூன், எனவே பிறந்ததும் ஜூன். நீளக் கைப் பையன் இரண்டு வருடம் முன்னதாகவே பிறந்துவிடுவான். உங்கள் பெரியப்பா உண்மையில் 1958-இல் பிறந்திருப்பார். அரசு வேலையென்றால் இரண்டு வருடச் சம்பளத்தை அந்தக் காது தின்றுவிட்டது.

வேடியப்பன் காடு (புதன், காலை 8.00)

வசதியில்லாத ஆவணத்தையெல்லாம் தள்ளிவிடுகிறீர்கள். ரயில் பொய், ஆதார் பொய், பள்ளிக்கூடமும் பொய்.

நெறியாளர் (புதன், காலை 8.15)

குரல் உயர்கிறது. இது துக்க வீட்டுக்காரர் தொடங்கிய இழை. கருவாட்டுக் கடை விவரத்தைத் தனி இழையில் தொடரலாம்.

அவ்வா வீடு (புதன், பிற்பகல் 2.20)

தம்பி, சீர்ப் பாத்திரங்களைப் பார்த்தீர்களா? அண்டா, குடம், தவலை எதுவானாலும் கழுத்தோரம் பெண்ணின் பெயரையும் தேதியையும் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்கள். கல்யாணத் தேதி உறுதியாகிவிடும்.

பட்டணத்துப் பேரன் (புதன், இரவு 9.50)

இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. ஆனால் சாமான் பிரித்தாகிவிட்டது. அத்தை அம்மியையும் தவலையையும் எடுத்துக்கொண்டார், தவலையில் பெயர் இல்லை. அண்டாவைத் தாத்தா காலத்திலேயே அடகுக் கடை விழுங்கிவிட்டது. மிச்சம் ஒரு பித்தளைக் குடம், அடியில் ஈயம் வைத்து ஒட்டியது. அதைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் பங்கு வேண்டாம், இது போதும் என்று துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டார். ஒழுகுகிற குடத்துக்கு இவ்வளவா என்று அத்தைகூட முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போகிறேன். ஆயாவின் தங்கை, எங்கள் சின்ன ஆயா, அங்கே இருக்கிறாள். காது சரியாகக் கேட்காது, போனில் பேச முடியாது.

பட்டணத்துப் பேரன் (ஞாயிறு, இரவு 11.35)

போய்விட்டு வந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு முறை அழித்துவிட்டேன்.

சின்ன ஆயா பிறந்தது காந்தியைச் சுட்ட ஆண்டு. அதில் சந்தேகமே இல்லை, அவள் பெயர் வைக்கும் சடங்கே தள்ளிப்போனதாம். தொட்டிலை ஆட்டிய ஆயாவுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன என்று அவர்கள் அம்மா சொல்லிச் சிரிப்பார்களாம். ஆறு, ஏழு வயது. ஆக, 1941 அல்லது 42. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதேதான்.

அப்படியானால் ரயில் என்ன ஆயிற்று என்று காதில் கத்திக் கேட்டேன்.

“அது அக்காள் போனது” என்றாள்.

எந்த அக்காள்? எங்களுக்குத் தெரிந்து ஆயாதான் மூத்தவள். இல்லை. அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். ரயிலில் போனவள் அவள், கண்ணில் கரி விழுந்ததும் அவளுக்குத்தான். படுக்கையில் தங்கைகள் இருவரையும் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு தினமும் அந்தக் கதையைச் சொல்லுவாளாம். “நானும் என் பேரப்பிள்ளைகளிடம் நான் போனதாகத்தான் சொல்லுவேன்” என்று சின்ன ஆயா சொன்னாள். தண்டவாளம் பெயர்த்து ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள்!

தாத்தாவுக்கு முதலில் கட்டிக்கொடுத்தது அந்த அக்காளைத்தான். 1956-இல் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளை பிழைத்தது. ஊரார் கூடிப் பேசி, பிள்ளைக்கு வேற்றாள் வேண்டாம் என்று அடுத்த வருடமே தங்கையைக் கட்டிவைத்துவிட்டார்கள். ஆயாவுக்கு 15, 16 இருக்கும். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் இடுப்பில் பிள்ளை இருந்தது, தாலி கட்டுவதற்காக ஒரு நிமிடம் சின்ன ஆயாவிடம் கொடுத்தாள், அது வீறிட்டு அழுதது. சின்ன ஆயாவுக்கு அந்த அழுகை நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பிள்ளை எங்கள் பெரியப்பா.

ஆதாரில் 1936 வந்ததற்கு அம்மா ஒரு ஊகம் சொல்கிறார். ரேஷன் கார்டில் ‘மனைவி’ என்ற வரியில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள், வயது அக்காளுடையதாகவே ஓடிவந்திருக்கும் என்று.

இப்போது என் பயம் பெரியப்பாவைப் பற்றியது. எழுபதை நெருங்குகிறவர். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? குடத்தில் என்ன பெயர் இருக்கும்?

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 6.10)

பள்ளிக்கூடத்து ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். காதைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ‘பொய்’ என்று எழுதியதையும்.

வேடியப்பன் காடு (திங்கள், காலை 7.45)

எங்கள் காட்டில் ஒரு நடுகல் இருக்கிறது. வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். எந்தச் சண்டையில் செத்தவன், யார் பெற்ற பிள்ளை, ஒன்றும் தெரியாது. கல்லில் இருக்கும் எழுத்தைப் படிக்க ஆளில்லை. நேற்று இரவு இதைப் படித்துவிட்டு அந்தக் கல்லின் நினைவாகவே இருந்தேன். தம்பி, குடத்தைப் படித்துவிடுங்கள்.

கிளிமூக்கு (திங்கள், காலை 8.30)

நான் வேண்டாம் என்பேன். ஆயா அறுபது வருடத்துக்கு மேல் மூடி வைத்ததைத் திறக்க நீங்கள் யார்? 1942 என்று போட்டுப் படத்தை மாட்டுங்கள்.

அவ்வா வீடு (திங்கள், காலை 9.15)

கிளிமூக்கு அண்ணா, பங்கு வேண்டாம் என்று ஒழுகுகிற குடத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனவருக்கா தெரியாது?

பட்டணத்துப் பேரன் (செவ்வாய், இரவு 10.20)

அக்கா எழுதியதைப் படித்ததும் போன் செய்தேன். வாய் வரவில்லை. குடத்தில் தேதி இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சட்டக் கடைக்காரர் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

சற்று முன் படம் வந்தது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். கழுத்தோரம் ஒரு பெயர், ஆயாவின் பெயர் அல்ல, பக்கத்தில் 1954. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே போடுகிறேன்.

“இது அவள் கல்யாணத் தேதி அல்ல, உனக்கு உதவாது. பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக வெட்டியிருக்கிறான். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன், இது யார் பெயர் என்று கேட்டேன். அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் இந்தக் குடத்தை நான்தான் தேய்ப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தப்பெழுத்தைப் படிக்கச் சொல்லிச் சிரிப்பாள். வாயை மூட மாட்டாள்.”

கடைக்காரரிடம் 1942 என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறாராம்.